மகள் பிறந்த அன்று எங்கே இருந்தீர்கள்?

கேள்வி: பாப்லோ நெரூதாவின் கவிதைகள் என்றால் எனக்கு உயிர். அவருடைய தன்வரலாற்றில் வரும் ஒரு பக்கத்தை மனைவி படித்துவிட்டு, அவர் புத்தகங்கள் எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டாள். மகள் பிறந்த அன்றுகூட நான் கவியரங்கத்தில்தான் இருந்தேன். அதற்கே முகம் சுளிக்காதவள் இவள். கவிஞன் வேறு, கவிதை வேறு என்று எப்படிப் புரியவைப்பது?

பதில்: "ஒரு பக்கம்" என்று ஏன் மூடி எழுதுகிறீர்கள்? 1929 வாக்கில் கொழும்பில் சிலி நாட்டுத் தூதரக அதிகாரியாக இருந்தபோது, காலையில் கழிப்பறையைச் சுத்தம் செய்ய வந்த தமிழ்ப் பெண்ணை வன்புணர்ந்ததை அவரே எழுதியிருக்கிறார். அவள் சிலைபோலக் கண் திறந்தபடி கிடந்தாளாம். தன்னை அவள் வெறுத்தது சரிதான் என்றும் எழுதினார். அவர் இறந்த மறு வருடம், 1974இல், புத்தகம் வந்தது. அந்தப் பெண்ணின் பெயர்கூட அதில் இல்லை.

கவிதைகளைப் படிக்கலாமா என்றால் படிக்கலாம். நானும் படிக்கிறேன், அந்தப் பக்கத்தையும் மறக்காமல். அவருடைய புகழ்பெற்ற காதல் கவிதைகள் 1924இலேயே வந்துவிட்டன என்று நீங்கள் வாதாடலாம். வாதாடுங்கள், அந்தப் பெண்ணுக்கு அதனால் என்ன ஆகப்போகிறது?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மனைவி முகம் சுளிக்கவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த முகத்தைப் பார்க்க நீங்கள் அங்கே இல்லையே! பிரசவ வலியில் கிடந்தவள் வாய் திறக்காததைச் சம்மதம் என்று கணக்கு எழுதி, இத்தனை வருடம் கழித்து அதையே சாட்சிக்கும் கூப்பிடுகிறீர்கள்.

நெரூதாவுக்கும் ஒரு மகள் இருந்தாள். மால்வா மரீனா. 1934இல் மாட்ரிட்டில், தலையில் நீர் கோக்கும் நோயோடு பிறந்தவள். அவளையும் அவள் அம்மாவையும் விட்டுவிட்டு அவர் போய்விட்டார். 1943இல் நெதர்லாந்தில், எட்டு வயதில் குழந்தை இறந்தது. உங்கள் தவறு அந்த அளவு இல்லைதான். ஆனால் கவிதைக்காக வீட்டை விடலாம் என்ற நினைப்பு உங்களுக்கும் இருக்கிறது. பெற்ற பிள்ளையைவிட ஒரு கவிதை பெரிது என்பதை நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இன்றிரவு நெரூதா பேச்சை எடுக்காதீர்கள். மகள் பிறந்த அன்று வலி எப்போது ஆரம்பித்தது, கூட யார் இருந்தார்கள் என்று மனைவியிடம் கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். புத்தகங்கள் பரணிலேயே இருக்கட்டும். அவளாக இறக்கித் தந்தால் படியுங்கள்.