பெற்றோரின் பழைய பாக்கியும் பிள்ளையின் கல்லூரி இடமும்: கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் 'கறுப்பினத்தவரின் வரலாற்றுக் கல்லூரிகள்' எனப்படுபவை எவை?

பதில்: கறுப்பின மக்களின் கல்வியை முதன்மை நோக்கமாகக் கொண்டு 1964க்கு முன் நிறுவப்பட்டு, உரிய அங்கீகாரம் பெற்றவை என்று 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் வரையறுக்கிறது. செய்னி (1837), ஹோவர்ட் (1867), அட்லாண்டாவின் மோர்ஹவுஸ், ஸ்பெல்மன் உட்பட இன்று ஏறத்தாழ நூறு உள்ளன. பிற இனத்தவரும் அங்கே படிக்கலாம்.

கேள்வி: பிள்ளையின் படிப்புக்காகப் பெற்றோர் வாங்கும் அரசுக் கடனின் விதி மாறினால் இக்கல்லூரிகளில் மட்டும் சேர்க்கை அவ்வளவு ஆட்டம் காண்பது ஏன்?

பதில்: பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவர் முதலாண்டில் தம் பெயரில் வாங்கக்கூடிய அரசுக் கடன் 5,500 டாலர்தான். ஏழை மாணவருக்கான பெல் மானியத்தைச் சேர்த்த பிறகும் விழும் துண்டைப் பெற்றோர் பெயரில் வாங்கும் 'பேரன்ட் பிளஸ்' கடனே அடைக்கிறது. தலைமுறைகளாகச் சொத்துச் சேர்க்க விடப்படாத குடும்பங்களில் அடகு வைக்க ஒன்றும் இருப்பதில்லை. கைகொடுக்கும் அளவுக்குக் கல்லூரியிடமும் மூலநிதி இல்லை.

கேள்வி: 2011இல் இக்கடனின் விதியில் உண்மையில் எது மாறியது?

பதில்: இக்கடனுக்கு வருமானத்தைப் பார்ப்பதில்லை, 'பாதகமான கடன் வரலாறு' உண்டா என்பதை மட்டுமே பார்க்கிறார்கள். 2011 அக்டோபரில் கல்வித்துறை, 90 நாளுக்கு மேல் தவணை நின்ற கடன்களோடு, முந்தைய ஐந்தாண்டுகளில் வாராக்கடனாக எழுதப்பட்டவற்றையும் வசூல் நிறுவனங்களிடம் போன பாக்கிகளையும் கணக்கில் எடுக்கத் தொடங்கியது. 2008 நெருக்கடியில் வேலையும் வீடும் இழந்தவர்களின் வடு ஆறாத நேரம் அது. முந்தைய ஆண்டு கடன் கிடைத்த அதே தாய்க்கு, அவர் நிலையில் எந்த மாற்றமும் இல்லாதபோதே, மறு ஆண்டு மறுப்பு வந்தது. மகனோ மகளோ பாதிப் படிப்பில் நின்றார்கள். 2012இல் சேர்க்கை சரிந்ததால் மோர்ஹவுஸ் தன் ஊழியர்களை ஊதியமில்லா விடுப்பில் அனுப்பியது. விதி மாற்றத்தை முறையாகத் தெரிவிக்காததற்காக 2013இல் கல்வி அமைச்சர் ஆர்னி டங்கன் இக்கல்லூரிகளிடம் மன்னிப்புக் கேட்டார்.

கேள்வி: பிறகு தளர்த்தினார்களா?

பதில்: ஆம். 2015 மார்ச் முதல், மொத்தம் 2,085 டாலரைத் தாண்டாத பாக்கிகள் கணக்கில் வரவில்லை. வாராக்கடன்களையும் வசூலுக்குப் போன பாக்கிகளையும் பின்னோக்கிப் பார்க்கும் காலம் ஐந்தாண்டிலிருந்து இரண்டாண்டாகச் சுருங்கியது.

கேள்வி: அப்படியானால் தளர்ந்த விதியே நல்லது என்கிறீர்களா?

பதில்: முழுமையாக அல்ல. திருப்பிச் செலுத்தும் திறனைப் பாராமல் தரும் கடன், ஓய்வு பெறும் வயதை நெருங்கும் பெற்றோரின் தலையில் ஏறுகிறது. 2019இல் பெருஞ்செல்வந்தர் ராபர்ட் ஸ்மித் மோர்ஹவுஸ் பட்டதாரிகளின் கடனை அடைக்க 3.4 கோடி டாலர் கொடுத்தபோது, பெற்றோர் வாங்கிய கடனும் அதில் அடங்கியிருந்தது. 2011இன் பெருங்குறை, அறிவிப்பின்றி, மாற்று மானியமும் இன்றிக் கதவைச் சாத்தியதே.

கேள்வி: என் மகள் 2026இல் சேர்கிறாள். பெற்றோர் கடனுக்கான புதிய உச்சவரம்பு எங்களைப் பாதிக்குமா?

பதில்: 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் பெற்றோர் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 டாலர் வரையே பெறலாம். மூன்றாண்டுகள் முழு வரம்பையும் வாங்கினால் நான்காம் ஆண்டுக்கு 5,000 மட்டுமே மிஞ்சும். ஆகவே முதலாண்டு உதவித்தொகைக் கடிதத்தைக் கண்டு நிறைவடையாமல், அந்த உதவித்தொகை நான்காம் ஆண்டிலும் தொடருமா என்பதைக் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.