ஒரு லீ எத்தனை மீட்டர்? எந்தக் காலத்து லீ?

பழைய சீன நீட்டல் அளவைகள் பற்றி வந்த கேள்விகளில் சில.

கே: காஞ்சிபுரத்தின் சுற்றளவு 30 லீ என்கிறார் யுவான் சுவாங். ஒரு லீ 500 மீட்டர் என்பதால் 15 கிலோமீட்டர் என்று எழுதலாமா?

ப: விடை பழுதில்லை, வழிதான் தவறு. 500 மீட்டர் லீ 1930இல் நடைமுறைக்கு வந்தது. மெட்ரிக் முறையோடு பொருந்துவதற்காக, 3 ‘சி’ ஒரு மீட்டர், 1500 சி ஒரு லீ என்று சட்டம் போட்டு முழு எண்ணாக்கினார்கள். யுவான் சுவாங் 7ஆம் நூற்றாண்டுக்காரர். அந்தத் தாங் அரசமரபுக் காலத்துச் சி ஏறத்தாழ 30 செ.மீ.; 5 சி ஒரு ‘பு’. அப்போதே இரண்டு லீ புழங்கின: 300 பு கொண்டது சுமார் 450 மீட்டர், 360 பு கொண்டது சுமார் 540 மீட்டர். ஆக, 13.5 முதல் 16 கிலோமீட்டர் வரை எதுவும் பொருந்தும். அவரே ‘30 லீக்கு மேல்’ என்றுதான் எழுதுகிறார். திராவிட நாட்டின் சுற்றளவுக்கோ 6000 லீ என்கிறார். இப்படி முழுசு முழுசாக வரும் எண்களுக்குத் தசமப் புள்ளி வைத்து விடை காண்பது வீண் வேலை.

கே: கன்பூசியஸ் 9 சி 6 சுன் உயரமாம். கணக்கிட்டால் 3.2 மீட்டர் வருகிறதே?

ப: 10 சுன் ஒரு சி என்பது சரி. ஆனால் 1930ஆம் ஆண்டுச் சியால் அவரை அளந்துவிட்டீர்கள். இந்தக் கணக்கை எழுதிய வரலாற்றாசிரியர் சிமா சியன், கன்பூசியஸுக்குச் சில நூற்றாண்டுகள் பிந்திய ஹான் அரசமரபுக் காலத்தவர்; ஹான் சி சுமார் 23.1 செ.மீ. இது ஊகமன்று. கி.பி. 9இல் பேரரசர் வாங் மாங் வார்ப்பித்த வெண்கல முகத்தலளவைப் பாத்திரம் தைபே அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆழம் ஒரு சி என்று அதன்மேலேயே பொறித்திருப்பதால், ஆழத்தை அளந்தால் சி கிடைத்துவிடும். அப்படிப் பார்த்தால் 2.22 மீட்டர். அதுவும் நம்பச் சிரமமான உயரந்தான். அதனால், கன்பூசியஸ் வாழ்ந்த சௌ அரசமரபுக் காலத்தின் இன்னும் குட்டையான சியைக் கொண்டு 1.9 மீட்டருக்கு இறக்குவோரும் உண்டு. ஊரார் அவரை ‘நெட்டையர்’ என்று அழைத்ததாகச் சிமா சியனே சொல்கிறார், அதற்கு 1.9 மீட்டர் தாராளம்.

கே: ஹாங்காங்கில் வாங்கிய பழைய தையற்கோலில் ஒரு சி 37 செ.மீ. இருக்கிறது. போலியா?

ப: இல்லை, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஹாங்காங் சட்டப்படி அவ்வூர்ச் சி (‘செக்’ என்பார்கள்) 37.1475 செ.மீ. சீனப் பெருநிலத்தில் 33.3, ஜப்பானிய ஆட்சியின் எச்சமாகத் தைவானில் 30.3. ஆறு சி துணி பெய்ஜிங்கில் 2 மீட்டர், ஹாங்காங்கில் 2.23 மீட்டர்.

கே: சீன விற்பனைத் தளத்தில் 55 சுன் டிவி பார்த்தேன். 183 செ.மீ. தானே?

ப: திரைக்குச் சொல்லும் சுன், அங்குலம். 139.7 செ.மீ., அதுவும் மூலைவிட்டம். அதே தளத்தில் கால்சட்டைக்கு இடுப்பளவு 2 சி என்றிருந்தால் மட்டும் சீனச் சியையே கொள்ளுங்கள்: 66.7 செ.மீ.