செடியின் ஸ்டெம் செல்கள் எப்படிப் பூவாக மாறுகின்றன?

அம்மா வீட்டில் இரண்டு செம்பருத்திச் செடிகள் உண்டு. ஒன்றில் ஐந்தே இதழ், நடுவில் நீளமான மகரந்தத் தண்டு. இன்னொன்று அடுக்குச் செம்பருத்தி. உங்கள் கேள்விக்கு அந்த அடுக்குப் பூவை வைத்துத்தான் பதில் சொல்லத் தோன்றுகிறது.

பிரிந்துகொண்டே இருந்து புது உறுப்புகளுக்கான செல்களைத் தரும் ஸ்டெம் செல்லுக்குத் தமிழில் குருத்தணு என்று பெயர். செடியைப் பொறுத்தவரை இது அப்படியே பொருந்தும். இலையும் பூவும் தரும் குருத்தணுக்கள் இருப்பதே நுனிக் குருத்துக்குள்தான். கடுகுக் குடும்பத்துச் சிறு செடியான அரபிடாப்சிஸில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். வூஷெல் என்ற மரபணு குருத்தணுக்களைக் குருத்தணுக்களாகவே வைத்திருக்கிறது. அவை பெருகினால் கிளவேட்டா மரபணுக்கள் வூஷெலை அடக்குகின்றன. இந்த இழுபறியில்தான் செடி இலை மேல் இலையாக விட்டுக்கொண்டே போகிறது.

சரி, பூ எப்போது? பகல் நீள்வதை உணர்வது நுனி அல்ல, இலை. அங்கே உருவாகும் எஃப்டி என்ற புரதம் சாறோடு நுனிக்குப் போகிறது. இப்படி ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று 1930களிலேயே ரஷ்ய அறிவியலாளர் சைலகியான் சொல்லி, ஃப்ளோரிஜன் என்று பெயரும் வைத்தார். அது இந்தப் புரதம்தான் என்று தெளிவானது 2007இல்! எஃப்டி வந்தபின் நுனியின் ஓரங்களில் இலைக்குப் பதில் மொட்டுகள் எழும்புகின்றன. ஒவ்வொரு மொட்டுக்கும் சொந்தமாகக் குருத்தணுக்கள் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இனிமேல்தான். மொட்டுக்குள் லீஃபி என்ற மரபணுவும் வூஷெலும் சேர்ந்து அகாமஸ் என்ற மரபணுவை எழுப்புகின்றன. அகாமஸ் மகரந்தத் தாளையும் சூலகத்தையும் உருவாக்குகிறது. அப்புறம் தன்னை எழுப்பிய வூஷெலையே அடக்கிவிடுகிறது. குருத்தணுக்கள் தீர்ந்துபோகின்றன, பூ முழுமையடைகிறது. இலை விடும் நுனிக்கு இப்படி ஒரு முடிவு கிடையாது.

அகாமஸ் பழுதான அரபிடாப்சிஸில் மகரந்தத் தாள் வரவேண்டிய இடத்தில் இதழ். சூலகம் வரவேண்டிய இடத்தில் இன்னொரு பூ, அதற்குள் இன்னொன்று. அடுக்கு ரோஜாக்களிலும் அகாமஸ் வேலை செய்யும் பரப்பு நடுப்பக்கமாகச் சுருங்கியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

அடுத்த முறை அடுக்குச் செம்பருத்தி கிடைத்தால் உள்ளிதழ்களைப் பிரித்துப் பாருங்கள். சிலவற்றின் ஓரத்தில் மகரந்தப் பை ஒட்டிக்கொண்டிருக்கும். தாளாக வேண்டியது பாதி வழியில் இதழாகிப்போன இடம் அது.