பழைய மிலிட்டரி வண்டியில் வேக்குவம் வைப்பர் மேட்டில் ஏறும்போது நின்றுவிடுகிறது, நியூட்ரலிலும் தவழ்கிறது. கழற்றிவிட்டு கரண்ட் வைப்பர் போட்டுவிடலாமா?

கழற்றாதீர்கள். நீங்கள் சொல்லியிருக்கும் இரண்டு புகாரில் ஒன்று கோளாறே இல்லை. மேட்டில் நிற்பது அந்த வைப்பரின் பிறவிக் குணம். நியூட்ரலில் இன்ஜின் சும்மா ஓடும்போதே தவழ்கிறது என்கிறீர்களே, அதுதான் கோளாறு. பெரும்பாலும் ஒரு முழம் ரப்பர் டியூப்பிலும் கொஞ்சம் விளக்கெண்ணெயிலும் சரியாகிவிடும்.

எங்கள் வீட்டிலும் அதே ஜாதி வண்டிதான். டாட்ஜ் முக்கால் டன் வெப்பன் கேரியர், டபிள்யூ.சி. 51. இரண்டாம் உலகப் போருக்காக 1942 முதல் 1945 வரை அமெரிக்காவில் செய்தது. போர் முடிந்து டிஸ்போசலில், அதாவது ராணுவம் வேண்டாமென்று விற்றதில், வந்ததைத் தாத்தா வாங்கினார். காவேரிப்பட்டணம் பக்கத்துத் தோப்பிலிருந்து மண்டிக்கு மாங்காய் ஏற்றியது போக, கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் அதுதான். இப்போது வருஷத்துக்கு நாலைந்து தடவை வெளியே எடுப்போம். ஆயுத பூஜைக்குக் கட்டாயம் கிளம்பும். அன்றைக்குப் பார்த்து மழையும் கட்டாயம் வரும்.

இந்த வைப்பரில் கரண்டுக்கு வேலையே இல்லை. அந்தக் காலத்து 6 வோல்ட் பேட்டரியும் டைனமோவும் ஹெட்லைட்டுக்கே மூச்சு வாங்கும். அதனால் இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற சக்தியையே வைப்பருக்கும் கொடுத்தார்கள். சிலிண்டர்களுக்குக் காற்று போகிற குழாயான இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கண்ணாடிச் சட்டம் வரை போகும். அங்கே வைப்பர் டப்பாவுக்குள் அரைவட்ட அறை. அதில் கதவு மாதிரி ஒரு தகடு. தகட்டின் ஒரு பக்கம் உறிஞ்சல், மறுபக்கம் வெளிக்காற்று. வெளிக்காற்று தள்ள, தகடு திரும்பும். கோடிக்குப் போனதும் ஒரு சின்ன வால்வு படக்கென்று மாறி உறிஞ்சலை மறுபக்கம் கொடுக்கும். அவ்வளவுதான் மோட்டார். அமெரிக்காவில் பஃபலோ நகரத்து டிரைக்கோ கம்பெனி இதைக் கோடிக்கணக்கில் செய்தது. அந்த ஊர்க் கார்களில் 1970களின் தொடக்கம் வரைக்கும்கூட வந்துகொண்டிருந்தது.

மேட்டில் ஏன் நிற்கிறது? ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கார்பரேட்டரின் காற்றுக் கதவான த்ராட்டில் திறக்கும், காற்று தாராளமாக உள்ளே போகும், மேனிஃபோல்டில் வேக்குவம், அதாவது அந்த உறிஞ்சல், விழும். முழுக்க மிதித்தால் கிட்டத்தட்ட பூஜ்யம். தர்மபுரியிலிருந்து சேலத்துக்குத் தொப்பூர் கணவாயில் காலை எடுத்துவிட்டு கியரில் இறங்கிப் பாருங்கள். வைப்பர் பேய் பிடித்த மாதிரி ஆடும். திரும்பி வரும்போது அதே கணவாயில், அதே மழையில், பாதிக் கண்ணாடியில் நட்டுக்கொண்டு நிற்கும். இதற்கு மெக்கானிக்கைத் திட்டிப் பிரயோஜனமில்லை. ஒரு நொடி காலைத் தளர்த்தினால் இரண்டு வீச்சு வீசும், பிறகு மிதிக்கலாம். அப்பா அப்படித்தான் ஓட்டுவார். அந்த வண்டியின் வேகத்துக்கு அது போதும்.

உயரமும் ஒரு கணக்கு. நல்ல பெட்ரோல் இன்ஜின் கடல்மட்டத்தில் ஐடிலிங்கில், அதாவது சும்மா ஓடும்போது, 17 முதல் 21 அங்குலம் பாதரச அளவு வேக்குவம் காட்டும். ஆயிரம் அடிக்கு ஒரு அங்குலம் குறையும். ஓசூர் ஏறக்குறைய மூவாயிரம் அடி, ஆக அங்கே மூன்று அங்குலம் போய்விடும். கிருஷ்ணகிரியில் நன்றாக ஓடிய வைப்பர் ஓசூரில் சோம்பினால் பயப்படாதீர்கள்.

இனி உண்மையான கோளாறு. எங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் கிருஷ்ணகிரியில் பட்டறை வைத்திருந்த ஒரு பாய். நான் வைப்பர் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நின்றேன். வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "வைப்பரை எதுக்குத் தம்பி கொண்டாந்த? டியூப்பைக் கொண்டா" என்றார். இத்தனை வருஷத்தில் பத்துக்கு ஏழு தடவை அவர் சொன்னதுதான் சரியாக இருந்திருக்கிறது.

டியூப்பை இரண்டு முனையிலும் கழற்றி, ஒரு முனையைக் கட்டைவிரலால் மூடி, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சி நாக்கால் அடையுங்கள். நாக்கு ஒட்டிக்கொண்டு நின்றால் டியூப் நல்லது. மெல்ல விட்டுவிட்டால் எங்கோ வெடிப்பு. முனைகளில்தான் முதலில் வெடிக்கும். புதிது போடும்போது மீன் தொட்டி டியூப்பெல்லாம் போடாதீர்கள். இன்ஜின் சூட்டில் இளகி, உறிஞ்சலில் சப்பையாகி ஒட்டிக்கொள்ளும். தடிச் சுவர் உள்ள ரப்பர் டியூப் வேண்டும். இடையில் வரும் செம்புக் குழாயையும் ஊதிப் பாருங்கள். எங்கள் வண்டியில் ஒரு தடவை குளவி மண்கூடு கட்டியிருந்தது.

இந்தக் கசிவை வைப்பர் சங்கதி என்று விட்டுவிடவும் கூடாது. அந்த வழியாகப் போகிற காற்று கார்பரேட்டருக்குத் தெரியாத காற்று. கலவை நீர்த்துப்போய் ஐடிலிங் தள்ளாடும். வைப்பரைக் கழற்றி வைத்தாலும் மேனிஃபோல்டு முனையை அடைத்துவிட்டு ஓட்டுங்கள், இல்லாவிட்டால் ரோட்டுப் புழுதியெல்லாம் சிலிண்டருக்குள் போகும்.

டியூப் நன்றாக இருந்தால் மேனிஃபோல்டில் வேக்குவம் கேஜ் மாட்டிப் பாருங்கள். முள் அசையாமல் குறைவாக நின்றால் தீப்பொறி விழும் டைமிங் பின்தங்கியிருக்கலாம், அல்லது மேனிஃபோல்டு கேஸ்கெட் கசியலாம். ஒரே தாளத்தில் விழுந்து விழுந்து எழுந்தால் ஏதோ ஒரு வால்வு சரியாக உட்காரவில்லை. இதெல்லாம் சரியென்றால்தான் டப்பாவைத் திறக்க வேண்டும்.

திறந்தால் உள்ளே தகட்டின் ஓரத்தில் தோலோ ரப்பரோ சுற்றியிருக்கும். பழைய டப்பாக்களில் பெரும்பாலும் தோல். வருஷக்கணக்கில் சும்மா நின்ற வண்டியில் அது காய்ந்து கருவாடாகி இருக்கும். பழைய கிரீஸ் பிசினாகி ஒட்டியிருக்கும். அறையை மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். தகட்டை மண்ணெண்ணெயில் ஊறப் போடாதீர்கள். தோலுக்கு விளக்கெண்ணெய் தடவி ஒரு ராத்திரி வைத்து, மறுநாள் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். விளக்கெண்ணெய் இயற்கை ரப்பரையும் கெடுக்காது. அந்தக் காலத்துப் பிரேக் ஆயிலே அதை வைத்துத்தான் செய்தார்கள். இன்ஜின் ஆயில் விட்டால் ரப்பர் உப்பிக் குழகுழவென்று ஆகிவிடும். அதிகமாக விட்டால் விளக்கெண்ணெயும் பின்னாளில் பிசினாகும், இரண்டு மூன்று சொட்டு போதும். மூடும்போது புது கேஸ்கெட் பேப்பர் வெட்டிப் போடுங்கள். திருகுகளைச் சமமாக முறுக்குங்கள், மூடி கோணினால் அங்கேயே கசியும்.

மேட்டில் நிற்பதையும் ஓரளவு சமாளிக்கலாம். நடுவில் ஒரு சின்ன டேங்க், அதற்கு முன்னால் கார் பிரேக் பூஸ்டரில் வரும் ஒன்வே வால்வு. கால் எடுக்கும்போது டேங்கில் வேக்குவம் சேரும், மிதிக்கும்போது வால்வு அதைப் பிடித்து வைக்கும், கூடுதலாகச் சில வீச்சு கிடைக்கும். புத்திசாலித்தனமாக நான் ஒரு லிட்டர் ஆயில் டின்னை மாட்டினேன். ஸ்டார்ட் செய்த மறுநிமிஷம் டமாரென்று அப்பளமாக நொறுங்கியது. வெளிக்காற்றின் அழுத்தம் என்ன என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அன்றைக்குத்தான் புரிந்தது. பிறகு தடி இரும்புக் குழாயை வெட்டி இரண்டு பக்கமும் வெல்டு வைத்து மாட்டினேன்.

கொரியப் போர்க் காலத்து எம் 37, எம் 38 வண்டிகளில் பெட்ரோல் பம்பின் கூடவே ஒரு வேக்குவம் பம்பும் சேர்ந்து வரும். மேட்டிலும் வைப்பர் ஓட அது உதவும். அதில் ஒரு ஆபத்து உண்டு. அதன் உள்ளே இருக்கும் சவ்வு (டயாஃப்ரம்) கிழிந்தால் இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸிலிருந்து ஆயிலை உறிஞ்சி மேனிஃபோல்டுக்குள் அனுப்பும், சைலன்ஸரில் நீலப் புகை கக்கும். இதே மாதிரி இரட்டைப் பம்பு இருந்த நண்பரின் பெட்ரோல் ஜீப்புக்கு, பிஸ்டன் ரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொல்லிவிட்டார்கள். பம்பிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் டியூப்பைக் கழற்றி, மேனிஃபோல்டு முனையை அடைத்து ஓட்டிப் பார்த்தோம். புகை நின்றது. இன்ஜின் பிழைத்தது.

உங்கள் வண்டியில் டீசல் இன்ஜின் மாற்றியிருந்தால் மேலே சொன்னது பாதி பொருந்தாது. டீசலில் த்ராட்டில் கிடையாது, மேனிஃபோல்டில் வேக்குவமும் கிடையாது. பின்னால் வேக்குவம் பம்பு உள்ள ஆல்டர்னேட்டர் போட்டு அதிலிருந்து எடுக்க வேண்டும். பிரேக் பூஸ்டரும் அதில்தான் ஓடுகிறதென்றால் பூஸ்டர் பக்கம் தனி ஒன்வே வால்வு இருக்க வேண்டும், வைப்பர் கசிந்தால் பூஸ்டரில் சேர்ந்திருக்கும் வேக்குவம் அதன் வழியே போய்விடக் கூடாது. தினமும் லோடு ஏற்றித் தொப்பூர் ஏறுகிற வண்டி என்றால் யோசிக்காமல் கரண்ட் வைப்பர் போடுங்கள். அதில் பழமை பார்க்க வேண்டாம், உயிர்தான் முக்கியம்.

கடைசியாக பிளேடு. உங்கள் கண்ணாடி தட்டை. இன்றைய வளைந்த கண்ணாடிக் காரின் வைப்பர் கையை மாட்டினால் அதன் ஸ்பிரிங் அழுத்துகிற அழுத்தத்துக்கு இந்த மோட்டார் தாங்காது. இளகிய ஸ்பிரிங், நேரான சின்ன பிளேடு போடுங்கள். உலர்ந்த கண்ணாடியில் ஓடவிடாதீர்கள். மழைக்கு முன்னால் பழைய லாரி டிரைவர்கள் செய்கிற மாதிரி பீடித் தூளை ஈரத்தோடு கண்ணாடியில் தேய்த்துவிட்டால், தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் விரிந்து வழியும்.

அப்பா வைப்பர் தண்டின் உள்முனையில் ஒரு சின்னக் கைப்பிடி வைத்திருந்தார். தொப்பூர் ஏற்றத்தில் மழை பிடித்தால் முன்சீட்டில் உட்கார்ந்து அதைத் திருப்புவது என் வேலை. ஏழெட்டு வயசிருக்கும். உச்சி வருவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும், "இந்தப் பக்கம் இன்னும் தெரியலடா" என்பார்.