பாத்திரத்தின் திறன் எண்களைப் பகடை உருட்டித் தீர்மானிப்பதா, புள்ளிகளைப் பங்கிட்டுத் தீர்மானிப்பதா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டு. அதை விளையாடத் தொடங்கும் புதிய குழுவான நீங்கள், பாத்திரங்களின் வலிமை போன்ற திறன் எண்களுக்குப் பகடை உருட்டுவது நல்லதா, கொடுக்கப்பட்ட புள்ளிகளைப் பங்கிட்டுக்கொள்வது நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பாத்திரங்கள் எவ்வளவு காலம் வாழப்போகின்றன என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள் என்பதே என் பதில். ஓரிரு அமர்வுகளில் முடியும் கதை என்றால் பகடையை உருட்டுங்கள்; மாதக்கணக்கில் நீளும் கதை என்றால் புள்ளிகளைப் பங்கிடுங்கள். வேலூரில் வார இறுதிகளில் கூடும் ஒரு சிறு குழுவுக்கு நான் டன்ஜன் மாஸ்டராக, அதாவது கதையை நடத்தும் நடுவராக, இருக்கிறேன். இரண்டு முறைகளும் ஆட்டத்தை எப்படி மாற்றுகின்றன என்பதை அங்கேதான் பார்த்தேன்.

தொடக்கத்திலிருந்தே பகடைதானே முறை என்று சொல்பவர்கள் உண்டு. அது உண்மைதான். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய முதல் பதிப்பில், ஆறு திறன்களுக்கும் மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டி, வந்த எண்களை வந்த வரிசையிலேயே எழுதிக்கொண்டார்கள். ஆனால் அன்று அந்த எண்களுக்குப் பெரிய செல்வாக்கு இருக்கவில்லை. ஒரு போர்வீரனின் வலிமை 15 அல்லது அதற்கு மேல் இருந்தால், பாத்திரத்தை முன்னேற்றும் அனுபவப் புள்ளிகள் பத்து சதவீதம் கூடுதலாகக் கிடைத்தன. அவன் வாள்வீச்சில் அதனால் எந்த மாற்றமும் இல்லை. அடுத்த ஆண்டு வெளிவந்த கிரேஹாக் என்ற இணைப்பு நூல்தான் வலிமையைத் தாக்குதலோடும் சேதத்தோடும் இணைத்தது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு, 10-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு இரண்டுக்கும் பகடை எண்ணோடு ஒன்று கூடும் என்று எல்லாத் திறன்களுக்கும் பொதுவான விதியை வைத்தது. 2014-இன் ஐந்தாம் பதிப்பும் அதையே பின்பற்றுகிறது. ஆகவே இன்று வலிமை 16 உள்ளவருக்கும் 10 உள்ளவருக்கும் இடையில், வலிமையைச் சார்ந்த ஒவ்வொரு இருபதுமுகப் பகடை உருட்டலிலும் மூன்று எண் வித்தியாசம், அதாவது நூற்றுக்குப் பதினைந்து வாய்ப்பு, கடைசி அமர்வுவரை கூடவே வருகிறது. பகடை உருட்டும் வழக்கம் பழையதாகவே இருக்க, அதன் விளைவு மட்டும் பல மடங்கு வளர்ந்துவிட்டது. இந்த விவாதத்தில் பலரும் கவனிக்காமல் கடந்துபோவது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

கணக்கையும் சற்றுப் பார்க்கலாம். மூன்று பகடைகளை உருட்டினால் சராசரி 10.5, 18 விழுவதற்கு 216-இல் ஒரு வாய்ப்புதான். இன்று பெரும்பாலான மேசைகளில் நான்கு பகடைகளை உருட்டி, மிகக் குறைந்ததை விலக்கிவிட்டு, மீதி மூன்றைக் கூட்டுகிறார்கள். அப்போது சராசரி ஏறத்தாழ 12.24 ஆக உயர்கிறது. ஆறு எண்களில் ஒன்றாவது 16 அல்லது அதற்கு மேல் வருவதற்குப் பாதிக்கும் அதிகமான வாய்ப்பு இருக்கிறது. ஐந்தாம் பதிப்பின் பங்கீட்டு முறையில் ஒவ்வொரு திறனும் 8-இல் தொடங்கும். கையில் 27 புள்ளிகள் இருக்கும். 13 வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு புள்ளியும், 14-க்கும் 15-க்கும் இரண்டிரண்டு புள்ளிகளும் செலவாகும். 15-ஐத் தாண்டி வாங்கவே முடியாது. விதிநூல் தரும் 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆயத்த வரிசை சரியாக 27 புள்ளிக்கு வருகிறது; அதன் சராசரி 12. உருட்டுபவருக்குச் சராசரியாகச் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கிறது. பங்கிடுபவர் அந்தச் சிறு கூடுதலை விட்டுக்கொடுத்து, அருகில் இருப்பவரைவிடப் பின்தங்கமாட்டோம் என்ற உறுதியைப் பெறுகிறார்.

அந்த உறுதி எவ்வளவு முக்கியம் என்பதை எங்கள் குழுவின் நீண்ட கதை ஒன்றில் பார்த்தேன். எல்லோரும் விரும்பியபடி பகடை உருட்டினோம். ராணிப்பேட்டையில் வேலை பார்க்கும் நண்பருக்கு இரண்டு 17-கள் விழுந்தன. குடியாத்தத்திலிருந்து பேருந்தில் வரும் ஒரு தங்கைக்கு மிக உயர்ந்த எண்ணே 13 தான். இருவரும் முன்னணியில் நின்று சண்டையிடும் பாத்திரங்களையே தேர்ந்தெடுத்திருந்தார்கள். சில வாரங்களில் அந்தத் தங்கை தன் முறை வரும்போதெல்லாம், “அண்ணா, நீங்களே அந்தக் கதவை உடைச்சிடுங்க, நான் பின்னாடி வரேன்” என்று ஒதுங்கத் தொடங்கினார். அவர் முயன்றால் தோற்பதற்கே வாய்ப்பு அதிகம் என்பது மேசையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தாயம் விழாமல் காய் இறக்க முடியாதவரின் வருத்தம் அந்த மாலையோடு முடிந்துவிடும். இவருடைய வருத்தமோ முதல் நாளின் சில நிமிடங்களில் விழுந்த எண்களிலிருந்து பிறந்து, ஒவ்வொரு ஞாயிறும் புதிதாகத் தொடர்ந்தது. கேரக்டர் ஷீட்டில், அதாவது பாத்திரத்தின் விவரத்தாளில், மந்திர ஆயுதங்களைச் சேர்த்து அந்த இடைவெளியைக் குறைக்கலாம்; நானும் சேர்த்தேன். ஆனால் ஒருவருக்கு மட்டும் தொடர்ந்து பரிசு கொடுப்பது கதையின் போக்கையே வளைத்துவிடுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் பகடையை ஒதுக்கிவிட எனக்கு மனம் வராது. நாமாகத் தேர்ந்தெடுக்கவே மாட்டாத ஒரு மனிதரை நம் கையில் கொடுக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. ஒரே இரவில் முடிந்த கதை ஒன்றுக்கு, பழைய முறைப்படி மூன்று பகடைகளை வரிசை மாறாமல் உருட்டச் சொன்னேன். எப்போதும் வாள்வீரனாகவே வரும் ஒரு தம்பிக்கு வலிமை 6, பிறரைக் கவரும் ஆற்றலான கரிஸ்மா 16 என்று விழுந்தது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் இரவு முழுவதும் கூத்து பார்த்து வளர்ந்தவர் அவர்; அந்த எண்களை வைத்துக் கூத்தின் கட்டியங்காரனையே பாத்திரமாக்கிக் கொண்டுவந்தார். அரசனிடம் வாயாடி, காவலர்களைச் சிரிக்கவைத்து, ஆயுதத்தைத் தொடாமலே குழுவை அரண்மனைக்குள் அழைத்துச்சென்றார். புள்ளிகளைக் கையில் கொடுத்திருந்தால் அவர் வலிமைக்குத்தான் 15 வாங்கியிருப்பார். அந்தக் கட்டியங்காரன் அன்று இரவுக்குப் போதுமானவனாக இருந்தான். ஓர் ஆண்டு முழுவதும் வலிமை 6-ஐச் சுமக்க அவர் விரும்பியிருப்பாரா என்பது வேறு கேள்வி.

பகடையை இன்னும் பொருத்தமாகப் பயன்படுத்திய விளையாட்டாக 1977-இல் வந்த, விண்வெளியில் நடக்கும் டிராவலரைச் சொல்வேன். அதிலும் திறன்களுக்கு இரண்டு பகடைகளை உருட்டுவார்கள். ஆனால் அதோடு நிற்காமல், படையிலோ வணிகக் கப்பலிலோ நான்கு நான்கு ஆண்டுகளாகப் பணியாற்றி, ஒவ்வொரு முறையும் தப்பிப் பிழைத்தோமா என்று உருட்டி, இன்னும் ஒரு தவணை தொடரலாமா விலகிவிடலாமா என்று நாமே முடிவெடுக்க வேண்டும். ஆட்டம் தொடங்கும் முன்பே பாத்திரம் செத்துப்போகவும் கூடும். அங்கே ஒவ்வோர் உருட்டலுக்கும் அடுத்து ஒரு முடிவு நம் கையில் இருப்பதால், கிடைத்த எண்கள் ஒரு வாழ்க்கை வரலாறாகவே மாறிவிடுகின்றன.

பங்கீட்டு முறையும் மிகப் புதியதன்று. அதே 1977-இல் ஸ்டீவ் ஜாக்சன் உருவாக்கிய மெலீ என்ற விளையாட்டு, வலிமைக்கும் சாமர்த்தியத்துக்கும் எட்டெட்டு கொடுத்து, மேலும் எட்டுப் புள்ளிகளை ஆட்டக்காரரே பிரித்துக்கொள்ளச் சொன்னது. 1981-இல் சாம்பியன்ஸ், 1986-இல் கர்ப்ஸ் ஆகிய விளையாட்டுகள் பாத்திரம் முழுவதையுமே புள்ளிகளால் கட்டின. அதன் குறை, எல்லோரும் ஒரே அச்சில் வந்துவிடுவது. ஐந்தாம் பதிப்பில் 15, 15, 15, 8, 8, 8 என்பது மிகச்சரியாக 27 புள்ளி. கணக்கில் தேர்ந்த இரண்டு பேர் தனித்தனியாக உட்கார்ந்தாலும் அங்கேதான் வந்து நிற்பார்கள். இதற்கு விதியைத் திருத்துவதைவிட, புள்ளிகளைத் தொடுவதற்கு முன்பே பாத்திரத்தின் ஊர், தொழில், குடும்பம் ஆகியவற்றை எழுதிவரச் சொல்வது நல்ல பலன் தருகிறது. தோல் பதனிடும் குடும்பத்தில் பிறந்த மந்திரவாதி என்று எழுதிவிட்ட பிறகு, உடல்திறனை 8-இல் விட்டுவைக்க ஆட்டக்காரருக்கே மனம் வருவதில்லை.

உங்கள் குழு நீண்ட கதையைத்தான் விரும்புகிறது, அதே நேரத்தில் பகடை உருளும் அந்தப் பரபரப்பையும் இழக்க மனமில்லை என்றால், எங்கள் குழு இப்போது பின்பற்றும் முறையைச் சொல்கிறேன். மேசையில் இருப்பவர்கள் மாறி மாறி நான்கு பகடைகளை உருட்டி, குறைந்ததை விலக்கி, மொத்தம் ஆறு எண்களைச் சேர்க்கிறோம். அந்த ஆறு எண்களும் எல்லோருக்கும் பொது. யார் எந்த எண்ணை எந்தத் திறனுக்கு வைப்பது என்பது அவரவர் விருப்பம். ஆறின் கூட்டுத்தொகை 70-க்குக் கீழே போனால் முழுவதையும் மறுபடி உருட்டலாம் என்பதை உருட்டுவதற்கு முன்பே பேசி வைத்துவிடுகிறோம். சராசரிக் கூட்டுத்தொகை ஏறத்தாழ 73.5 என்பதால் அந்த வரம்பு நியாயமானது. ஒருவருக்கு விழுந்த 17-க்கு எல்லோரும் சேர்ந்து ஆரவாரம் செய்ய முடிகிறது. 7 விழுந்தால் அதை எங்கே மறைத்துவைப்பது என்று எல்லோரும் சேர்ந்து யோசிக்கிறோம். இடையில் பாத்திரம் இறந்து புதிதாக ஒன்றை உருவாக்குபவரும், நடுவில் வந்து சேர்பவரும் அதே ஆறு எண்களையே பயன்படுத்த வேண்டும் என்பதை மட்டும் முதல் நாளிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.