மாரத்தானுக்குப் பிறகு கறுத்த சிறுநீர்: மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு வயது 46. டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். பிரஷருக்கு எனலாப்ரிலும் நீர் மாத்திரையும் எடுத்துக்கொள்கிறேன். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் அக்கா வீட்டில் தங்கி, மூன்று வாரத்துக்கு முன் சொவேட்டோ மாரத்தான் ஓடினேன். 4 மணி 40 நிமிடம் ஆனது. 30 கிலோமீட்டருக்கு மேல் ஏற்றத்தில் மூச்சே கிடைக்கவில்லை. கைக்கடிகாரம் இதயத்துடிப்பு 176 என்று காட்டியது. கால் பெருவிரல் நகங்கள் கறுத்துவிட்டன. நான்கு நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. புரட்டாசி முழுக்கக் கறி சாப்பிடாததுதான் காரணமா? மாரத்தான் ஓடினால் இதயம் வீங்கிவிடும் என்று இன்டர்நெட்டில் இருக்கிறது, உண்மையா? முட்டிவலிக்காகக் கிளம்பும் முன் டைக்ளோஃபெனாக் ஒன்றும், வழியில் ஐபுப்ரோஃபென் இரண்டும் போட்டேன். அன்று சாயங்காலம் சிறுநீர் பால் விடாத டீ மாதிரி, அதுவும் கொஞ்சமாகத்தான் வந்தது. அக்கா மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வைத்தார். இரண்டு நாளில் நிறம் சரியாகிவிட்டது. அப்பா மூன்று வருடமாக டயாலிசிஸில் இருக்கிறார். ஜூனில் கம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டம் ஓடலாமா?

பதில்: தம்பி, நாளைக் காலையில் இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். இந்தப் பதிலின் மிச்சத்தை அங்கே வரிசையில் உட்கார்ந்து படிக்கலாம்.

வீட்டுப் பக்கத்துக் கிளினிக் போதும், இல்லையென்றால் ஆர்.கே. கான் மருத்துவமனை. இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு), பொட்டாசியம், சிறுநீரில் புரதம், அப்புறம் பிரஷர். இவ்வளவுதான் தேவை. ஆனால் போய் உட்கார்ந்ததும் "மாரத்தான் ஓடினேன், வலி மாத்திரை போட்டேன், சிறுநீர் கறுத்துக் குறைந்தது" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். "சும்மா ஒரு செக்கப்" என்று சொன்னால் பிரஷர் மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள்.

நகம், மூச்சு, கடிகாரம் என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில்தான் சிறுநீரைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பயப்படுவது அதற்குத்தான் என்று எனக்குப் புரிகிறது. வாரத்தில் பல நாள் அப்பாவை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, குழாயில் இரத்தம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற மகனுக்கு இந்தப் பயம் வராமல் இருக்காது. நம் ஊரில் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதும் உங்களுக்குத் தெரியும். 1997-இல் டர்பனைச் சேர்ந்த தியாகராஜ் சுப்ரமணி அந்த இடத்துக்காக அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனார். இருக்கிற வசதிக்குள்தான் கொடுக்க முடியும் என்று தீர்ப்பு வந்தது. அவர் கொஞ்ச நாளில் இறந்துபோனார். அதனால் உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே சமயம், உங்களுக்கு நடந்தது அப்பாவுக்கு நடந்ததல்ல. பெரும்பாலானவர்களுக்கு சர்க்கரையும் பிரஷரும் பல வருடம் அரித்துத்தான் சிறுநீரகம் போகிறது. உங்களுக்கு ஒரே நாளில் அடி விழுந்திருக்கிறது. அப்படி விழும் அடி அநேகமாக ஆறிவிடும். ஆறிவிட்டதா என்பதை நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, அதனால்தான் இரத்தம் கொடுக்கச் சொல்கிறேன்.

அன்று உள்ளே என்ன நடந்தது என்று சொல்கிறேன். 42 கிலோமீட்டர் ஓடும்போது, முக்கியமாக இறக்கத்தில் தொடை அடிவாங்கும்போது, தசை இழைகள் கிழிகின்றன. தசைக்குள் இருக்கும் மையோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தின் மெல்லிய குழாய்களில் போய் அடைத்துக்கொள்கிறது. நீங்கள் பார்த்த டீ நிறம் பெரும்பாலும் அதுதான். இரத்த ஓட்டம் நன்றாக இருந்தால் சிறுநீரகம் இதைக் கழுவித் தள்ளிவிடும். ஆனால் நான்கரை மணி நேரம் வியர்த்து ஓடுபவரின் உடம்பு, இருக்கிற இரத்தத்தைக் காலுக்கும் தோலுக்கும் அனுப்பிவிட்டுச் சிறுநீரகத்துக்கு மிச்சத்தைத்தான் கொடுக்கிறது. அந்த நேரத்தில் உள்ளே போகும் இரத்தக்குழாயைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். டைக்ளோஃபெனாக்கும் ஐபுப்ரோஃபெனும் செய்வதே அதைச் சுரக்கவிடாமல் தடுப்பதுதான். முட்டிவலி குறைவதும் அதனால்தான், சிறுநீரகத்தின் வாசல் சுருங்குவதும் அதனால்தான்.

உங்களுக்கு இன்னும் இரண்டு சேர்ந்துவிட்டது. எனலாப்ரில் சிறுநீரகத்திலிருந்து வெளியே போகும் குழாயை அகலமாக்குகிறது. நீர் மாத்திரை உடம்பில் இருக்கும் நீரைக் குறைக்கிறது. தினசரி வாழ்க்கையில் இரண்டும் உங்களுக்கு நல்லது செய்கிற மருந்துகள். வலி மாத்திரையும் சேர்ந்தால் உள்வாசல் சுருங்கி, வெளிவாசல் அகன்று, ஓடும் நீரும் குறைந்து, வடிகட்டுவதற்குத் தேவையான அழுத்தமே இல்லாமல் போகிறது. இந்த மூன்றும் ஒன்று சேரக் கூடாது என்பது மருத்துவ மாணவர்களுக்கே சொல்லிக்கொடுக்கிற பாடம். ஐபுப்ரோஃபென் வாங்கும்போது கடைக்காரரிடம் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். நண்பர் கொடுத்தார், எல்லோரும் போடுகிறார்கள், நானும் போட்டேன். இருபது வருடமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன், எனக்குக் கோபம்தான் வருகிறது.

இது புதிய விஷயமும் இல்லை. நம் டர்பனின் சிறுநீரக மருத்துவப் பேராசிரியர் ஒய்.கே. சீதாத்தும் அவரோடு வேலை செய்தவர்களும், கம்ரேட்ஸ் ஓடிவிட்டுச் சிறுநீரகம் செயலிழந்து வந்தவர்களைப் பற்றி 1980களின் முடிவிலேயே எழுதிவிட்டார்கள். காரணங்களில் வலி மாத்திரையும் இருந்தது. 2017-இல் வெளியான இன்னொரு ஆய்வில், 80 கிலோமீட்டர் ஓடியவர்களில் பாதிப் பேருக்கு ஐபுப்ரோஃபெனும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். ஐபுப்ரோஃபென் போட்டவர்களில் 52 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் அடிவாங்கியிருந்தது, மற்றவர்களில் 34 சதவீதம். ஓட்டமே ஒரு சுமை என்பது அந்த 34-இல் தெரிகிறது. அதன் மேல் நாமே இன்னொரு சுமையை எதற்காக ஏற்ற வேண்டும்?

சில வருடங்களுக்கு முன் ஒரு நீண்ட ஓட்டத்தின் முடிவில் மருத்துவக் கூடாரத்தில் இருந்தேன். பதக்கத்தைக் கழற்றாமலேயே ஒருவர் வந்து, வாந்தி நிற்கவில்லை என்றார். தொடையைத் தொட்டேன், பலகை மாதிரி இருந்தது. காலையிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை என்றார். ரொம்ப நேரம் கழித்து, காகிதக் கோப்பையின் அடியில் இரண்டு விரல் அளவுக்கு வந்தது, கோக் நிறத்தில். பரிசோதனைக் குச்சியை அதில் முக்கி எடுத்தேன். இரத்தத்தைக் காட்டும் மஞ்சள் கட்டம் ஒரு நிமிடத்துக்குள் கரும்பச்சையாகிவிட்டது. ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது ஒரு சிவப்பணுகூட இல்லை. குச்சி இரத்தம் என்கிறது, கண்ணுக்கு இரத்தம் இல்லை என்றால் அது தசையிலிருந்து வந்த மையோகுளோபின். அவருக்கு இரண்டு வாரம் டயாலிசிஸ் தேவைப்பட்டது. இப்போது நன்றாக இருக்கிறார். அன்று வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தால் இருந்திருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் தசை கிழியும்போது பொட்டாசியமும் வெளியே வருகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால், இரத்தத்தில் ஏறி இதயத்தையே நிறுத்திவிடும். நீங்கள் கடிகாரத்தில் இதயத்துக்கு ஆபத்தைத் தேடிக்கொண்டிருந்தீர்கள். அன்று இரவு நிஜமான ஆபத்து இருந்தது இங்கேதான்.

ஆகவே அடுத்த முறை உங்களுக்கோ, உங்களோடு ஓடுகிறவர்களுக்கோ, ஓட்டத்துக்குப் பிறகு சிறுநீர் டீ அல்லது கோக் நிறத்தில் வந்தால், அல்லது ஆறேழு மணி நேரம் சிறுநீரே வராவிட்டால், அதே இரவு அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சந்தேகமாக இருந்தால் கண்ணாடி டம்ளரில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். அடர்ந்த மஞ்சள் என்றால் உடம்பில் நீர் குறைவு, குடித்தால் தெளிந்துவிடும். பீட்ரூட் ஜூஸ் குடித்தவர்களுக்கு ரோஜா நிறத்தில் வரும், அதில் ஒன்றும் இல்லை. இளஞ்சிவப்பாக வந்து ஓரிரு நாளில் தெளிந்தால் அநேகமாகச் சிறுநீர்ப்பை குலுங்கியதால் வந்த இரத்தம். அதையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், ஆனால் இரவோடு இரவாக ஓட வேண்டாம். பழுப்பு நிறத்துக்குக் காத்திருக்கவே கூடாது.

அக்கா அன்போடுதான் மூன்று லிட்டர் தண்ணீர் கொடுத்திருக்கிறார், அவரைக் குறை சொல்லாதீர்கள். ஆனால் சிறுநீர் வராதபோது லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீர் குடிப்பது ஆபத்து. கேப் டவுன் பேராசிரியர் டிம் நோக்ஸ் 1985-லேயே இதை எழுதினார். நீண்ட ஓட்டங்களில் அளவுக்கு மீறிக் குடித்தவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் இறங்கி, மூளை வீங்கி, நினைவு தப்பியது. தாகம் எடுத்தால் குடியுங்கள், தாகம் அடங்கினால் நிறுத்துங்கள். வழியில் நீட்டுகிற ஒவ்வொரு தண்ணீர்ப் பையையும் கடித்துக் குடிக்க வேண்டியதில்லை. ஓடி முடித்தபின் தலைவலி, வாந்தி, பேச்சில் குழப்பம் என்று வந்தால் தண்ணீர் கொடுப்பதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். சொவேட்டோ கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேலே இருக்கிறது. டர்பன் கடற்கரையில் பயிற்சி எடுத்தவருக்கு அங்கே ஒவ்வொரு மூச்சிலும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு ஆக்சிஜன் குறைவு. அதோடு ஏற்றம் வேறு, மூச்சு வாங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். 46 வயதில் ஏற்றத்தில் 176 துடிப்பு என்பது சாதாரணம். ஓடும்போது நெஞ்சு இறுகினாலோ, கண் இருட்டி விழுந்தாலோ உடனே வாருங்கள், நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை. இதயம் வீங்கும் கதையைப் படிப்பதை நிறுத்துங்கள். பல வருடம் ஓடுபவர்களின் இதயம் கொஞ்சம் பெரிதாவது உண்டு, அது அநேகமாக நோய் இல்லை. நகம் விழுந்து புதிதாக முளைக்கும், ஷூவை அரை அளவு பெரிதாக வாங்குங்கள். படி இறங்க முடியாத வலி எல்லோருக்கும் வருவது. புரட்டாசி மேல் பழி போடாதீர்கள். பருப்பும் சுகர் பீன்ஸ் கறியும் சாப்பிட்டவருக்குப் புரதம் குறையாது.

முட்டிவலி இருந்தால் ஓட்டத்துக்கு முன் அதைச் சரிசெய்யுங்கள், மாத்திரையால் மூடி மறைக்காதீர்கள். வலியை மறைத்து ஓடினால் முட்டியும் போகும். வலி தாங்காவிட்டால் பனாடோ (பாராசிட்டமால்) போடலாம், அட்டையில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் வேண்டாம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டையும் இனி நீங்கள் ஓடாத நாளில்கூட மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. இதைப் படித்துவிட்டுப் பயந்து பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது இதைவிடப் பெரிய தப்பு. நீண்ட ஓட்டத்தன்று காலை நீர் மாத்திரையும் எனலாப்ரிலும் எடுக்கலாமா, வாந்தி பேதி வந்தால் என்ன செய்வது என்று அந்த மருந்தை எழுதிக் கொடுத்தவரிடம் கேட்டு, பதிலைக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கம்ரேட்ஸ் என்பது சொவேட்டோவைப் போல இரண்டு மடங்கு தூரம். உங்கள் கிரியாட்டினினைப் பார்க்காமல் என்னால் ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. எண் சரியாக இருந்து, சிறுநீரில் புரதம் இல்லாமல், பிரஷரும் கட்டுக்குள் இருந்தால், வலி மாத்திரை இல்லாமல் பயிற்சி எடுத்து ஜூனில் ஓட நான் தடுக்க மாட்டேன். கிரியாட்டினின் ஏறியிருந்தால் சிறுநீரக மருத்துவர் பார்க்கட்டும், இந்த முறை தங்கையோ தம்பியோ ஓடுவதை வழியோரம் நின்று பாருங்கள். அதுவரை நடக்கலாம், 10 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டாம். முடிவு வந்ததும் அந்த எண்ணை எழுதி அனுப்புங்கள். உங்கள் மருந்துகளின் அளவையும் சேர்த்து எழுதுங்கள், கடிதத்தில் அது இல்லை.