வேலைத்தளத்தில் தலைமையிடமும் ஊழியரிடமும் பொறுப்புக்கூறும் பழக்கத்தை எப்படி வளர்ப்பது?

பிழை நடந்தால் மேலே இருப்பவர் கீழே கைகாட்டுகிறார், கீழே இருப்பவர் மேலே கைகாட்டுகிறார், இதை எப்படி மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கிளிநொச்சிப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பால் சேகரிப்பு நிலையத்தில் கணக்கு எழுதியவன் நான். அங்கே கண்டதை வைத்துச் சொல்கிறேன். ஒருவரை ஒரு வேலைக்குப் பொறுப்பாக்கினால், அதைச் செய்து முடிக்கும் அதிகாரத்தையும் அவர் கையில் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் எத்தனை செயலமர்வு வைத்தாலும் பயனில்லை.

காலையில் வரும் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று அதன் அடர்த்தியை அளக்கும் லக்ரோமீற்றர் விட்டுப் பார்த்து, குளிரூட்டும் தாங்கியில் ஊற்றி 4 பாகை செல்சியசுக்குக் கொண்டுவர வேண்டும். வன்னி வெயிலில் கறந்த பால் சில மணித்தியாலத்துக்கு மேல் தாங்காது. ஒருநாள் கரண்ட் போனது. ஜெனரேற்றர் இருந்தது, டீசல் இல்லை. தாங்கிக்குப் பொறுப்பாக நின்ற அண்ணை ஒரு கான் டீசல் வாங்குவதென்றாலும் முகாமையாளரின் ஒப்பம் வேண்டும். முகாமையாளர் யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தார், போன் எடுக்கவில்லை. பின்னேரம் அவ்வளவு பாலும் திரைந்து போனது. அடுத்த நாள் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது அந்த அண்ணைக்குத்தான்.

"தாங்கி என்ர பொறுப்பு எண்டால், டீசல் ஆற்ற பொறுப்பு?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய நட்டம். எல்லோரும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தொடங்கினார்கள். தாங்கியின் வால்வு கசிவதைக் கண்டவர்கூடச் சொல்லவில்லை, சொன்னவன் தலையில்தான் விழும் என்ற பயம். தண்டனையை மட்டும் நம்பும் இடத்தில் கெட்ட செய்தி எப்போதும் பிந்தித்தான் வரும்.

மாற்றம் பொதுக்கூட்டத்தில் வந்தது. பால் ஊற்றும் அம்மா ஒருவர் எழும்பி, "எங்கட பால் காசுக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்று நேரே கேட்டுவிட்டார். கூட்டுறவில் அங்கத்தவர்தானே சொந்தக்காரர், தட்டிக்கழிக்க முடியவில்லை. அவசரச் செலவுக்குக் கொஞ்சக் காசு தாங்கிப் பொறுப்பாளர் கையிலேயே இருக்கும், கிழமை முடிவில் பற்றுச்சீட்டு காட்டினால் போதும் என்று முடிவானது. வாசலில் ஒரு பலகை வைத்தார்கள். வந்த பால், திருப்பிய பால், திருப்பிய காரணம் எல்லாம் அன்றன்றே அதில் எழுதப்படும். முகாமையாளர் விவசாயிகளுக்குக் காசு கொடுக்கும் திகதியும் அதே பலகையில் இருந்தது. ஒருமுறை காசு பிந்தியபோது காரணத்தை அவரே தன் கையால் எழுதிக் கீழே பெயரும் போட்டார். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களும் தங்கள் பிழையை மறைக்காமல் சொல்லத் தொடங்கினார்கள். தலைமை முதலில் கீழே கணக்குச் சொல்ல வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

எங்கள் ஆட்களுக்கு இது புதுப் பழக்கமும் இல்லை. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்யும் சிறுபோக நெல் விதைப்புக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தைப் பாருங்கள். அரசாங்க அதிபர், நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமக்காரர் அமைப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பார்கள். குளத்தில் எத்தனை அடி தண்ணீர், அதற்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், வாய்க்காலில் எப்போது தண்ணீர் திறப்பது, மாடுகளை எப்போது கட்டுவது என்று எல்லோர் முன்னும் முடிவாகும். அப்புறம் தண்ணீர் பிந்தினால் யாரைக் கேட்பது என்பது வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவருக்கும் தெரியும்.

உங்கள் இடத்தில் புதுப் படிவம் எதுவும் அடிக்க வேண்டாம். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, "உங்கள் வேலை நடக்க யாருடைய ஒப்பத்துக்காகக் காத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், முதலில் பேச வேண்டியது அந்த ஆளிடம். சம்பளத்தில் வெட்டும் யோசனை இருந்தால் அதுவரை நிறுத்தி வையுங்கள்.